ஊஞ்சல் கொக்கியில் ஆரம்பித்து வடிகால் குழாய் வரை

கொக்கியைப் பட்டறை மேசையில் வைத்து வெர்னியரில் அளந்து பார்த்தேன். 12 மி.மீ. கம்பியை வளைத்துச் செய்தது. சங்கிலி உட்காரும் வளைவில் 5 மி.மீ.தான் மிச்சம். மற்ற பக்கமெல்லாம் பெயின்ட்கூடப் போகாமல் இருந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஆடிக்கொண்டிருந்தபோது அந்த வளைவு விரிந்து, பலகையோடு விழுந்து, முழங்கையில் மூன்று தையல். அவன் அம்மா கொக்கியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்து, "அண்ணே, இது எப்படி விட்டுச்சுன்னு பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த மே மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து இறங்கினேன். ஐப்பசி மழை வரை இழுத்துவிட்டது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. எனக்கு லேத் பட்டறை. பூங்கா என்று நாங்கள் சொல்வது, பெரிய மனைப்பிரிவு ஒன்று போட்டபோது விட்ட பொது இடம். சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அது எந்த மூலையில் விழுகிறது என்பதில் மனை போடுகிறவரின் கணக்கு இருக்கும். விலைபோகாத மூலை, வாய்க்கால் ஓரம், பள்ளம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எங்களுக்கு மூன்றும் சேர்ந்தே அமைந்தது. உள்ளே இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, தள்ளிச் சுற்றிவிடும் ஒரு தட்டு ராட்டினம், ஒரு சீசா, கம்பம் மட்டும் நிற்கும் ஷட்டில் கோர்ட், 'உபயம்' எழுதிய நான்கு சிமென்ட் பெஞ்சு.

மனு கொடுத்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பணத்தை மக்கள் போட்டால் மீதி அரசுப் பணம். நல்ல திட்டம்தான். ஆனால் மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர் என்று படிகள் உண்டு. "அதுக்குள்ள அந்தப் பையன் காலேஜுக்கே போயிடுவான் மாமா" என்றான் வெல்டிங் தம்பி. கடைசியில் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சரி என்றார்கள். இரண்டு நிபந்தனை: வேலை நடக்கும் நாளில் கேட்டைப் பூட்ட வேண்டும், வெல்டிங்குக்குக் கரண்டு அவர்கள் லைனில் எடுக்கக் கூடாது. எதிர்வீட்டு அக்கா அவர் வீட்டு பிளக்கைக் கொடுத்தார். ஐந்து மாதமும் அந்தக் கரண்டுதான்.

முதலில் ஊஞ்சல்.

முப்பது கிலோப் பையன் ஆடினால் சங்கிலிக்கு முப்பது கிலோ பாரம்தானே என்று தோன்றும். 60 டிகிரி வரை எழும்பி ஆடினால், கீழே கடக்கிற அந்த நொடியில் இழுவை இரண்டு மடங்கு. கிடைமட்டம் வரை போனால் மூன்று மடங்கு. இது பையன்கள் கணக்கு. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த ஊஞ்சலில் யார் ஆடுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நானும் ஆடியிருக்கிறேன், என் எடை 78. இத்தனை பாரத்தோடு கொக்கியும் சங்கிலியும் எண்ணெய் இல்லாமல், இடையில் மண் தூசியோடு, இரும்போடு இரும்பாக உரசுகிறது. அரம் வைத்து ராவுவது மாதிரித்தான்.

பேரிங் போட்டுவிடலாம் என்றான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும் இடத்துக்கு உரியது. ஊஞ்சல் அரைச் சுற்றுக்கு மேல் போகாது. குண்டுகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உருண்டு குழி போட்டுவிடும், கிரீஸும் பரவாது. கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ் (பின் உள்ளே ஆடும் குழல்) கடைந்தேன். உள்ளே 25 மி.மீ. இஎன்8 எஃகுப் பின், இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, தலையில் கிரீஸ் நிப்பிள். கொக்கியே வேண்டாம் என்று சங்கிலியை டி ஷேக்கிளில் (திருகாணி போட்டு மூடும் வளையம்) மாட்டி, திருகாணி கழலாமல் கம்பி போட்டு முறுக்கினேன். உங்கள் ஊரில் எஸ் வடிவக் கொக்கிதான் இருக்கிறது என்றால் ஒன்று மட்டும் பாருங்கள்: வாயில் ஒரு ரூபாய்க் காசு நுழையக் கூடாது. நுழைந்தால் அடித்து மூடுங்கள். சட்டை நுனி மாட்டுவதும் சங்கிலி கழன்று வருவதும் அந்த இடைவெளியில்தான்.

மரப்பலகையைக் கழற்றி வீசினோம். ஆடும் பலகை எதிரே ஓடி வரும் குழந்தையின் நெற்றி உயரத்தில் வருகிறது. அரிசி ஆலையில் கழித்துப் போட்ட எலிவேட்டர் பெல்ட் கிடைத்தது; உள்ளே துணி அடுக்கு உள்ள ரப்பர். இரண்டு மடிப்பு வைத்து, ஓரத்தில் பட்டைத் தகடு கொடுத்து போல்ட் போட்டால் அருமையான இருக்கை. மிச்சம் நாலடி பெல்ட்டைச் சுருட்டி வைத்தேன். அதற்கும் பின்னால் வேலை வந்தது.

புது புஷ்ஷை மாட்ட தம்பி மேலே ஏறினான். ஏணியை ஊஞ்சல் காலில் சாய்த்திருந்தோம். நொறுக்கென்று ஒரு சத்தம், முறுக்குக் கடித்த மாதிரி. கால் அரை அங்குலம் இறங்கிவிட்டது. "இறங்குடா, இறங்குடா" என்று கத்தி அவனை இறக்கிவிட்டு, மண்ணை ஒதுக்கி ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். உள்ளே போய்விட்டது. நான்கு காலிலும் அப்படியே.

துத்தநாகப் பூச்சுள்ள இரண்டு அங்குல ஜிஐ குழாய், நீலப் பட்டை போட்ட பி கிளாஸ். சுவர்க் கனம் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல். மண்ணுக்கு மேலே தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்த பகுதியும் புதுசு போல இருக்கிறது. சிமென்ட்டின் காரம் இரும்பைக் காப்பாற்றிவிடும். கான்கிரீட் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு அங்குலம்தான் பிஸ்கட்டாகப் போயிருந்தது. தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடம் அது.

சந்தேகம் வந்து சறுக்கின் ஏணிக் காலைக் குத்தினேன். போனது. ராட்டினத்தின் நடுக்குழியைத் திறந்தேன். பேரிங் துருவேறி ஒரே கட்டியாக, மேலே குழம்பு மாதிரித் தண்ணீர். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. இத்தனை நாள் இங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

கொத்தனார் மாமாவைக் கூப்பிட்டேன். எழுபது வயது, இப்போது வேலைக்குப் போவதில்லை, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவலை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார். சாலையில் ஒரு முனை, ராட்டினத்தடியில் ஒரு முனை. விளையாடும் இடம் சாலையைவிட 11 அங்குலம் பள்ளம். "பூங்கா எறங்கல மாப்ள, ரோடு ஏறியிருக்கு" என்றார். சரிதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, போட்டு, மூன்று சாலை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம்.

தண்ணீர் வெளியேற வழியே இல்லையா என்றால், இருந்தது. வேலியோரம் மண்ணுக்குள் நான்கு அங்குல பிவிசி குழாய், வாய்க்காலுக்குப் போகிறது. இரண்டு நாள் தோண்டி எடுத்தோம். இணைப்புகளில் கரைசல் தடவாமல் சும்மா செருகியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் புங்கன் வேர் நுழைந்து, உள்ளே சடை மாதிரி நீளமாக வளர்ந்திருந்தது. உருவி எடுத்தபோது ஆறடி இருந்தது. பையன்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். குழாயைக் கழுவி, ஒட்டி, சரிவு பார்த்துப் புதைத்தோம். ஒரு டேங்கர் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஓடிவிட்டது. டீ வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா போன். "மழையே இல்ல, பூங்காவுல தண்ணி நிக்குதுங்க தம்பி." போய்ப் பார்த்தால், நாங்கள் கழுவி விட்ட குழாய் வழியாக வாய்க்கால் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வேர் அடைத்திருந்தவரை கோடையிலாவது பூங்கா காய்ந்து கிடந்தது. நான் போய் அதையும் கெடுத்திருக்கிறேன். கொத்தனார் மாமா கரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

அந்த நாலடி பெல்ட் இதற்குத்தான் உதவியது. குழாயின் வாய்க்கால் பக்க முனையைச் சாய்வாக அறுத்து, மேல் விளிம்பில் கீல் மாதிரி பட்டை வைத்து, பெல்ட்டை வட்டமாக வெட்டித் தொங்கவிட்டோம். பின்னால் எடைக்கு ஒரு தகடு. உள்ளே தண்ணீர் நின்றால் தள்ளிக்கொண்டு திறக்கும். வாய்க்கால் உயர்ந்தால் அந்த அழுத்தமே மூடிவிடும். குப்பை சிக்கினால் மூடாது, ஆகவே முன்னால் ஒரு கம்பி வலை. ஒன்று புரிந்தது: வாய்க்கால் நிரம்பி ஓடும் நாளில் எந்தக் குழாய் வைத்தாலும் பூங்கா வடியப் போவதில்லை. அந்த நாட்களில் தண்ணீர் நின்றுவிட்டுப் போகட்டும், விளையாட்டுச் சாமான்களை மேலே தூக்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம். முழு இடத்தையும் ஓரடி உயர்த்த ஐம்பது யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) சவுடு மண் வேண்டும். ஊஞ்சல், ராட்டினம், சறுக்கு மூன்றுக்கும் தனித்தனித் திட்டு என்றால் எட்டு யூனிட்டில் முடிகிறது.

ஊஞ்சல் காலை எப்படியும் அறுக்க வேண்டும் என்பதால் அதன் திசையையும் மாற்றினோம். பழைய இடத்தில் பின்னால் ஒன்பதடியில் மதில். தொங்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு முன்னும் பின்னும் காலியாக விட வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் கணக்கு. எட்டடி உயரத்தை ஏழாகக் குறைத்து, மதிலுக்கு இணையாக ஆடும்படி திருப்பி, இரு பக்கமும் பதினான்கடி விட்டோம்.

கால் இணைப்பில் ஒரு சொதப்பல். பழைய இரண்டு அங்குலக் குழாய்க்குள் ஒன்றரை அங்குலக் குழாயைச் செருகிப் புது நீளத்தை இணைக்கலாம் என்று திட்டம். வெளிக்குழாயின் உள்விட்டம் 53 மி.மீ., செருகும் குழாயின் வெளிவிட்டம் 48 சொச்சம், ஆடும். அதற்காக லேத்தில் மெல்லிய வளையங்கள் கடைந்து அதன் மேல் ஏற்றினேன். கச்சிதமாக வந்தது என்று பெருமையோடு செருகினால் பாதியில் நின்றுவிட்டது. சம்மட்டியால் அடித்தும் நகரவில்லை. குழாயின் உள்பக்கம் நெடுக ஓடும் வெல்டிங் தையலை மறந்தே போயிருக்கிறேன். முப்பது வருஷம் பட்டறை வைத்திருப்பவன்! வளையங்களில் அந்தத் தையலுக்குப் பள்ளம் ராவியதும் வழுக்கிக்கொண்டு போனது. வெளிக்குழாயில் நான்கு 12 மி.மீ. துளை போட்டு, அதன் வழியாக வெல்டிங் நிரப்பி, பிறகு விளிம்பைச் சுற்றி ஒரு ஓட்டம்.

ஜிஐ குழாயில் வெல்டிங் வைக்கும்போது பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகம். முதல் நாள் தம்பி அவசரத்தில் பூச்சைக் கிரைண்ட் பண்ணாமல் வைத்துவிட்டான். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, வாயில் செப்புக் காசு கவ்விய ருசி. மறுநாள் தெளிந்துவிட்டது. பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகையைச் சுவாசித்த பிறகு பால் குடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வைப்பதுதான் வழி.

அடிக் கான்கிரீட்டின் தலையை வெளிப்பக்கம் சரிவாகப் பூசினார் மாமா, தண்ணீர் தேங்காமல் வழிய. கான்கிரீட்டும் மண்ணும் சேரும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேலும் கீழும் அரையடிக்குத் தார் பெயின்ட் இரண்டு கை.

திட்டின் மேல் மணல் பரப்ப வேண்டும். எல்லோரும் வாங்குவது மாதிரி எம் சாண்ட் வாங்கிக் கொட்டினேன். ஒரு மழை, மூன்று நாள் வெயில், சிமென்ட் போட்ட களம் மாதிரி இறுகிவிட்டது. கல்லை உடைத்துச் செய்த மணல், முனைகள் கூர்மை, பொடியும் கலந்திருக்கும். கட்டடத்துக்கு அதுதான் நல்லது. விழுகிற குழந்தைக்கு உருண்டையான ஆற்று மணல்தான் வேண்டும், அது விற்கும் விலைக்கு நாங்கள் எங்கே போவது? கடப்பாரை போட்டு எம் சாண்டைப் பெயர்த்து நடைபாதைக்குத் தள்ளிவிட்டு, வீடு வீடாகப் போனோம். பழைய வீடு கட்டி மீந்த ஆற்று மணல் பல கொல்லைகளில் கிடந்தது. பதினோரு வீட்டில் வாங்கிச் சலித்ததில் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் தேறியது. கூடவே ஆணி, ஓட்டுச் சில்லு, இரண்டு கோலிக்குண்டு, ஒரு அரைஞாண் மணி. ஊஞ்சலடியில் ஒன்பது அங்குலம், ஓரங்களில் ஆறு. ஒன்பது அங்குல மணல் நாலடி உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் போதும் என்று அதே ஆணையத்தின் கணக்கு. ஊஞ்சலுக்கு முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். வெடித்துக் கிடந்த வண்டல் தரைக்கு இது எவ்வளவோ மேல். ஊர்ப் பூனைகளுக்கும் மணல் பிடித்துவிட்டது. காலையில் நடக்க வரும் வாத்தியார் ஒருவர் வாரி போட்டுக் கிளறிவிடுகிறார்.

ராட்டினம்தான் எனக்குப் பிடித்த வேலை. பேரிங்கைக் குழிக்குள் வைத்தால் மறுபடியும் மூழ்கும். அச்சை மேலே கொண்டுவர வேண்டும். காயலான் கடையில் டிராக்டர் டிரெய்லரின் சக்கர ஹப் ஒன்று அச்சுத் துண்டோடு கிடைத்தது. உள்ளே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டு உதையையும் சேர்த்தே தாங்கும். அச்சைச் செங்குத்தாகத் தகட்டில் வெல்டு வைத்து, கான்கிரீட்டில் போல்ட் போட்டு, ஹப்பை அதன் தலையில் கவிழ்த்து, ஆறடித் தட்டை அதில் பொருத்தினேன். நட்டை இறுக்கி, பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்தி, நட்டு கழலாமல் காட்டர் பின். மேலே மழைக்குத் தகடுத் தொப்பி.

ஒரு விரலால் தள்ளினால் நிற்காமல் சுற்றியது. எனக்கு ஆனந்தம். எட்டாம் வகுப்புப் பயல்கள் நால்வர் வந்து ஓடித் தள்ளியதும் உள்ளே இருந்த சின்னப் பெண் கம்பியை விட்டுப் பறந்து மணலில் போய் உட்கார்ந்தாள். நல்லவேளை, மணல். பழைய ராட்டினத்தின் துருதான் இத்தனை நாள் பிரேக்காக இருந்திருக்கிறது. விளிம்பின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஆறடித் தட்டுக்கு அது நிமிஷத்துக்கு நாற்பது சுற்றுச் சொச்சம். நட்டை இறுக்கினால் பேரிங் கெடும். அதனால் பழைய பிரேக் லைனர் துண்டு ஒன்றை ஸ்பிரிங் வைத்து ஹப்பின் வெளிப்பக்கம் அழுத்தவிட்டேன். அந்தப் பயல்களையே மறுபடி தள்ளச் சொல்லி, போனில் நேரம் பார்த்து எண்ணினோம். முப்பத்தாறு.

சறுக்கு மேற்குப் பார்த்து இருந்தது. மூன்று மணிக்குத் தகட்டில் உள்ளங்கையை வைக்க முடியாது. வடக்குப் பார்க்கத் திருப்பி, பக்கத்தில் இரண்டு பூவரசம் போத்து நட்டோம், இரண்டும் துளிர்த்துவிட்டன. மேடைக் கம்பிகளுக்கு நடுவே 15 செ.மீ. இடைவெளி இருந்தது. ஒன்பதுக்கும் இருபத்துமூன்று செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்துதான் ஆபத்து: குழந்தையின் உடம்பு நுழையும், தலை மாட்டும். நடுவில் ஒவ்வொரு கம்பி சேர்த்ததில் ஏழுக்குள் வந்துவிட்டது.

பெயின்ட் விஷயம் ஒரு வரி. புது ஜிஐ மேல் எனாமலை நேராக அடிக்காதீர்கள். எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரிப் படிந்து, வெங்காயத் தோலாக உரியும். துத்தநாகத்தில் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரை அடித்துவிட்டு அடியுங்கள். கலர் பையன்கள் தேர்ந்தெடுத்தது. எனக்குக் கண் கூசுகிறது.

ஐப்பசி முதல் பெருமழை இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கொத்தனார் மாமா குடையோடு முன்னாடியே நின்றிருந்தார். பூங்கா முழுக்கக் கணுக்கால் தண்ணீர். மூன்று திட்டும் வெளியே தெரிந்தன. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது; ரப்பர் மூடி குழாய் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு நூல் கசிவு. இரண்டு நாள் கழித்து வாய்க்கால் இறங்கியதும் மூடி கொஞ்சம் விலகி, கலங்கல் தண்ணீர் சலசலவென்று வெளியே விழுந்தது. அன்று மாலையே தையல் போட்ட பையன் ஊஞ்சலில் இருந்தான். நிப்பிளைக் காட்டி, "மாமா, இதுல எப்ப கிரீஸ் அடிக்கணும்?" என்றான். மாதம் ஒரு தடவை என்று சொல்லி கிரீஸ் கன்னை அவனையே பிடிக்கச் சொன்னேன். பாதியைச் சட்டையில் பூசிக்கொண்டான்.

சீசா இன்னும் கயிறு போட்டுக் கட்டித்தான் கிடக்கிறது. போன வாரம் அதன் நடுக்காலைச் சுற்றி மண்ணை ஒதுக்கி ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். உள்ளே போனது.